சீட்டெடுக்க வந்தவன்

நண்டு கட்ட இரண்டு கையும் ஒரு காலும் வேண்டும். காலால் முதுகை அமுக்கி, இடது கையால் கொடுக்கை மடக்கிப் பிடித்து, வலது கையால் நைலான் கயிற்றைச் சுற்றி இறுக்க வேண்டும். இதில் ஒன்று தளர்ந்தாலும் நண்டுக்குத் தெரிந்துவிடும். அன்று காலை தேவியின் வலது மணிக்கட்டு பன்னு மாதிரி வீங்கியிருந்தது. மஞ்சளும் உப்பும் அரைத்துப் பற்றுப் போட்டு, பழைய புடவைத் துணியால் சுற்றியிருந்தாள். மூன்றாவது நண்டைக் கட்டும்போதே கயிறு நழுவியது. நண்டு அவள் காலடியிலிருந்து தப்பி மணலில் பக்கவாட்டில் ஓடியது. கொட்டகையிலிருந்த மற்றப் பெண்கள் சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள்.

"இன்னாம்மா கையி?" என்றார் கொட்டகைக்காரர் சம்பந்தம்.

"வழுக்கி வுயுந்துட்டேன்ணா."

"எங்க?"

"வூட்டாண்டதான்."

சவுக்குமேட்டுக்குப்பத்தில் வழுக்கி விழும் பெண்கள் அதிகம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி, நடுவில் முழுக்க மணல். மணலில் எப்படி வழுக்கும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. சம்பந்தமும் கேட்கவில்லை.

"ரெண்டு நாளு வூட்ல குந்தும்மா. வீக்கம் வடியட்டும். நண்டு எங்க போவுது, நாளிக்கும் வரும்."

"வூட்ல குந்தறதுக்கு இங்கியே குந்திக்கினு இருக்கேன்ணா. பொடி நண்டையாவது பிரிச்சுப் போடறேன்."

அவர் ஒரு கூடையை அவள் பக்கம் தள்ளினார். மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக அடித்தது. ஓலைக் கூரை விடாமல் படபடத்தது. தேவி இடது கையால் நண்டைப் பிரித்துப் போட்டாள். பிரித்ததையே மறுபடியும் கலந்து போட்டாள். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து வாசலுக்குப் போய் வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டு வந்தாள்.

வீட்டில் சிவசங்கர் இருந்தான். அவளுடைய புருஷன். அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று கோர்ட்டு சொன்ன ஆள்.

சிவசங்கர் குடிப்பவன் என்றால் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும். பழியைக் குடியின் மேல் போட்டுவிட்டுப் போகலாம். அவன் குடிக்கமாட்டான். வலை பின்னுவதிலும், நீரோட்டம் பார்த்து வலை கட்டுவதிலும் அந்தக் கரையில் அவனுக்கு ஈடு கிடையாது. ஊருக்கு அவன் தங்கமான பையன். அந்தத் தங்கம் போன வருஷம் கார்த்திகையில் தேவியைச் சுவரில் மோதியதில் அவளுடைய தோள்பட்டை எலும்பு முறிந்தது. குடும்ப வன்முறை வழக்குகளைப் பார்க்கும் பாதுகாப்பு அலுவலர் சுபஸ்ரீ, சின்ன வயதுப் பெண், ஆஸ்பத்திரிக்கே வந்து விசாரித்து, பொன்னேரி கோர்ட்டில் மனுப் போட உதவினாள். உத்தரவு வந்தது. சிவசங்கர் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது, அவள் வேலை செய்யும் கொட்டகைக்கு வரக்கூடாது, அவளை அடிக்கவோ மிரட்டவோ கூடாது. வீடு அவன் அம்மா கஸ்தூரியம்மாளின் பேரில்தான் இருந்தது. இருந்தாலும் தேவியும் மகள் சந்தியாவும் அங்கேயே இருக்கலாம் என்று எழுதியிருந்தது. அவன் மீஞ்சூரில் அறை எடுத்துத் தங்கி, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் வேலைக்குப் போனான். எட்டு மாதம் அந்த வீட்டில் மூன்று பெண்கள் மட்டும் தூங்கினார்கள். நன்றாகவே தூங்கினார்கள்.

பிறகு பாடு வந்தது.

ஏரி எல்லோருக்கும் பொதுதான். ஆனால் மீன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்துப் பக்கம் இறால் அள்ளும். உள்ளே போகப் போகச் சேறுதான். அதனால் வருஷத்துக்கு ஒரு முறை, ஆடித் திருவிழா முடிந்த மறு ஞாயிறு, கங்கையம்மன் கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கிப் பாடு பிரிப்பார்கள். எந்த வீட்டுக்கு எந்த இடம், எந்தெந்த நாள் என்று. சீட்டை வீட்டு ஆம்பிளைதான் கையால் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு வலையை யார் இழுத்தாலும் ஊருக்குக் கவலையில்லை. ஆம்பிளை வராத வீட்டுக்கு அந்த வருஷம் பாடு கிடையாது. புருஷன் செத்திருந்தால் மகன் எடுக்கலாம், கொழுந்தன் எடுக்கலாம். புருஷன் உயிரோடு மீஞ்சூரில் இருக்கும்போது பெண்டாட்டி என்ன செய்வாள் என்று இந்த முறையை ஏற்படுத்திய புண்ணியவான்கள் யோசித்து வைக்கவில்லை.

ஊர்த் தலைவர் துளசிங்கம் முந்தின வாரமே வந்து சொல்லிவிட்டுப் போனார். "கூப்புடு தேவி. வருவான், சீட்ட எடுப்பான், போய்க்கினே இருப்பான். ஊரே நிக்கச்சொல்ல உன்ன இன்னா பண்ணிருவான்?"

தேவி இரண்டு நாள் யோசித்தாள். பாடு போனால் நண்டு கட்டும் கூலி மட்டும்தான். சந்தியா ஏழாவது படிக்கிறாள். மூன்றாம் நாள் அவளே போன் போட்டாள்.

"சீட்டுக்கு மட்டும் வா. வூட்டாண்ட வராத."

"சரி," என்றான் சிவசங்கர். ரொம்ப சாதுவாகச் சொன்னான்.

வந்தான். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, அம்மனைக் கும்பிட்டுச் சீட்டுக் குடத்தில் கையை விட்டான். முகத்துவாரத்துப் பாடே வந்தது. பத்து வருஷமாக அந்த வீட்டுக்கு வராத இடம். கூட்டம் ஆரவாரித்தது. அவனைத் தோளில் தட்டினார்கள். யாரோ மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்கள். தேவிக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. கொட்டகைக்குப் போய் வேலை முடித்துப் பிற்பகல் வீட்டுக்கு வந்தால், மாலையோடு அவன் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். துணிப்பை ஆணியில் தொங்கியது.

அவள் வாசலிலேயே நின்றாள். கஸ்தூரியம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கே சுபஸ்ரீக்குப் போன் போட்டிருக்கலாம். போடவில்லை. ஏனென்றால் தேவி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்: கூப்பிட்டது நான், ஆகவே உத்தரவு செத்துவிட்டது. அந்தக் கரையில் வாய்ப்பேச்சுத்தான் எழுதிய பத்திரம். ஒருவன் தனக்கு விழுந்த பாட்டில் இன்னொருவனை வலை கட்டக் கூப்பிட்டுவிட்டால், பிறகு ஊர்க்கூட்டத்தில் போய் வழக்கு வைக்க முடியாது. "நீதானே கூப்ட்ட?" என்று ஒரே கேள்வியில் எழுப்பி அனுப்பிவிடுவார்கள். கோர்ட்டும் அப்படித்தான் கேட்கும் என்று அவள் நினைத்தாள். சந்தியாவைப் பக்கத்துத் தெருவில் சிநேகிதி வீட்டில் படுக்க வைத்தாள். தான் கஸ்தூரியம்மாளின் பாயோடு ஒட்டிப் படுத்தாள்.

நேற்று அந்தி சாயும் நேரத்தில் சிவசங்கர் கேட்டான், "அந்தக் காயிதம் எங்க?"

"எந்தக் காயிதம்?"

"கோர்ட்டுக் காயிதம். எட்த்தாந்து குடு. அடுப்புல போட்டுட்டு நிம்மதியா இருப்போம்."

"தெர்ல. எங்கியோ கீது."

அவன் சத்தம் போடவில்லை. மணிக்கட்டைப் பிடித்து, ஈரத் துணியைப் பிழிவது போல முறுக்கினான். கஸ்தூரியம்மாள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தே இருந்தாள்.

இதுதான் வழுக்கி விழுந்த கதை.

கொட்டகையில் பதினொரு மணிக்குத் துளசிங்கத்தின் பைக் வந்து நின்றது. செய்தி அவருக்குப் போயிருந்தது. கைக்கட்டைப் பார்த்தார், பார்க்காத மாதிரி ஏரியைப் பார்த்தார்.

"நாளிக்கு வெள்ளிக்கெயம உங்க வூட்டு மொத பாடு. சங்கரு வலையெல்லாம் ரெடி பண்ணிக்கினு கீறான், பார்த்தியா?"

"பார்த்தேன் மாமா."

"ஆம்பள கொஞ்சம் கோவக்காரன். பத்து வருசத்துக்கு அப்புறம் நல்ல பாடு வந்துருக்குது. அத்த நெனச்சுப் பாரு."

"சீட்ட எட்த்துட்டுப் போய்டுவான்னு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன். அவன் பெத்தவ வூட்டுக்குப் போனா நான் இன்னா கயித்தப் போட்டா கட்றது?"

"என் கையக் கட்டிக்கினு கீறேனே, அத்தப் பார்த்தீங்களா?"

துளசிங்கம் குரலைத் தணித்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஊர் உடையாமல் இருக்க வேண்டும் என்று ஓடுகிறவர். அப்படி ஓடும்போது யார் கை உடைகிறது என்று திரும்பிப் பார்க்க அவருக்கு நேரம் கிடைப்பதில்லை.

"இத பாரும்மா. ஸ்டேஷன் கீஷன்னு போனின்னு வையி, அவனத் தூக்கி உள்ள வெச்சுருவாங்க. வலைய யாரு இழுத்தாலும் ஊரு கேக்காது, ஆனா சீட்டெட்த்தவன் ஜெயிலுக்குப் போனா பாட்ட ஊரு எட்த்துக்கும். அது நான் போட்ட சட்டம் இல்ல, உனுக்கே தெரியும். அதுவும் இல்லாம, நீயே போன் போட்டுக் கூப்ட்டுருக்க. ஊரே சாட்சி. கேசு எங்க நிக்கும்? நீதான் அசிங்கப்படுவ."

"தெரியும் மாமா," என்றாள் தேவி. அவள் நினைத்ததையே அவரும் சொன்னார். ஆனால் தானே நினைத்தபோது பயமாக இருந்தது, அவர் வாயால் கேட்டபோது எரிச்சலாக வந்தது. பைக் போன பிறகு அவளால் உட்காரவே முடியவில்லை. கொட்டகையின் பின்னால் ஐஸ் பெட்டிகள் அடுக்கிய இடத்துக்குப் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். கடைசியில் போனை எடுத்தாள்.

"மேடம், நான் தேவி. சவுக்குமேட்டுக்குப்பம்."

"சொல்லுங்க தேவி. நல்லா இருக்கீங்களா?"

"மேடம், ஒண்ணு கேக்கணும். திட்டக்கூடாது. அந்த ஆர்டர நானே கெட்த்துட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். சீட்டு, போன், மாலை, துணிப்பை, காகிதம், கை. சுபஸ்ரீ கடைசி வரை கேட்டாள்.

"முடிச்சிட்டீங்களா? இப்ப நான் சொல்றேன், கேளுங்க. அந்த உத்தரவு யாரு மேல போட்டது?"

"அவரு மேல."

"உங்க மேல ஏதாவது போட்டிருக்கா? நீங்க போன் பண்ணக்கூடாதுன்னு, கூப்பிடக்கூடாதுன்னு?"

"இல்ல."

"அப்ப நீங்க எதைக் கெடுத்தீங்க? கோர்ட்டு போட்டது, கோர்ட்டுதான் எடுக்கணும். நீங்க கூப்பிட்டாலும் சரி, ஊரு மேளம் வச்சுக் கூப்பிட்டாலும் சரி, அது அப்படியே உயிரோடதான் இருக்கு. கோயிலுக்கு வந்தாரு, அது வேற. அந்த வீட்டு வாசப்படிய மிதிச்சாரு பாருங்க, அது குத்தம். கைய முறுக்கினது இன்னொண்ணு."

தேவி ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். நான்கு நாள் உத்தரவு உயிரோடு இருந்திருக்கிறது. செத்ததென்று நினைத்து அவள்தான் துக்கம் காத்திருக்கிறாள். சந்தோஷப்படுவதா, தன்னைத் தானே அறைந்துகொள்வதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து அழுகையாக வந்தது.

"இன்னா பண்ணுவாங்க மேடம் அவர?"

"மறைக்காம சொல்லிடறேன். வாரன்ட் இல்லாமலே கைது பண்ணலாம். ஸ்டேஷன்ல ஜாமீன் தர மாட்டாங்க, கோர்ட்டுலதான் கேக்கணும். குத்தம் நிரூபணம் ஆனா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல இருபதாயிரம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்."

"சாட்சிக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க மேடம். ஊரு அப்படி."

"உங்க ஒருத்தர் சாட்சிய வெச்சே கோர்ட்டு முடிவு பண்ணலாம். சட்டத்துல அப்படித்தான் இருக்கு."

தைரியம் கொடுக்கத்தான் சுபஸ்ரீ அதைச் சொன்னாள். தேவிக்கு அது பாரமாக இறங்கியது. தன் ஒருத்தி வாயால் ஒருவன் ஒரு வருஷம் உள்ளே போவான். தன் ஒருத்தி வாயால் பாடு போகும். ஊர் முழுக்க அவள் ஒருத்தியைக் கைகாட்டும்.

"ஸ்டேஷனுக்குப் போறீங்களா?" என்றாள் சுபஸ்ரீ. "நானும் கிளம்பி அங்கயே வந்துடறேன். வந்து சேர மூணு மணி ஆயிடும், எனக்காகக் காத்திருக்காதீங்க."

"போறேன் மேடம்," என்றாள் தேவி. சொன்ன பிறகுதான் போவதாக முடிவு செய்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

வீட்டுப் பக்கம் போகவில்லை. நண்டு வாடையோடு, மணல் ஒட்டிய காலோடு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். சாலையின் இரு பக்கமும் ஏரி தாழ்ந்து கிடந்தது. தூரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் சிலர் வலைக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலிருந்தவள் எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு ஆஸ்பத்திரிக்கு என்றாள். ஸ்டேஷன் வாசலில் இறங்கும்போது அந்தப் பெண் பார்த்துவிட்டாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று தேவி உள்ளே நடந்தாள்.

ஸ்டேஷனில் பெண் எஸ்.ஐ. இருந்தார். கையைத்தான் முதலில் பார்த்தார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அலமாரியில் தேடி, கோர்ட்டு அனுப்பிய உத்தரவு நகலை எடுத்து மேஜையில் வைத்தார். ரைட்டர் எழுத உட்கார்ந்தார்.

"முதல்ல இருந்து சொல்லும்மா."

"நான்தான் போன் பண்ணிக் கூப்ட்டேன்," என்று ஆரம்பித்தாள் தேவி.

ரைட்டர் நிமிர்ந்தார். "அத அப்புறம் பாத்துக்கலாம். வீட்டுக்கு வந்ததுல இருந்து சொல்லு."

"இல்ல சார். அத்த மொதல்ல எழுதுங்க. சீட்டெடுக்கக் கூப்ட்டேன். வூட்டுக்குக் கூப்புடல. அத்த நானே சொல்லலன்னா நாளிக்கு ஊரே வந்து சொல்லும்."

எஸ்.ஐ. தலையாட்டினார். ரைட்டர் எழுதினார். ஞாயிறு, திங்கள், செவ்வாய், நேற்று என்று தேவி சொல்லிக்கொண்டே வந்தாள். பாதியில் வெளியே பைக் சத்தம் கேட்டது. துளசிங்கம் உள்ளே வந்தார். பின்னால், புடவையை இழுத்துச் செருகியபடி கஸ்தூரியம்மாள். பைக்கில் அவள் ஏறியது வாழ்க்கையில் இதுவே முதல் தடவையாக இருக்கலாம். காற்றில் முடியெல்லாம் கலைந்திருந்தது.

"வணக்கம் மேடம். நான் ஊர்த் தலைவரு. இது குடும்ப விசயம், நாங்களே பேசித் தீர்த்துக்கறோம். பையன் தானா வர்ல, இந்தப் பொண்ணு கூப்ட்டுத்தான் வந்தான். வூடு இந்தம்மா பேர்ல கீது. இவங்களே கதவத் தொறந்து வுட்டாங்க. கை வழுக்கி வுயுந்தது. பெத்தவங்களே வந்துருக்காங்க, கேட்டுக்குங்க."

தேவி கஸ்தூரியம்மாளைப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகும். பெற்ற பிள்ளையை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள். அவள் மேல் கோபம்கூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது.

"உக்காருங்கம்மா," என்றார் எஸ்.ஐ. "நீங்க சொல்லுங்க. கதவ யாரு திறந்தது?"

"நான்தான் தொறந்தேன்." கஸ்தூரியம்மாள் உட்காரவில்லை. "எம்புள்ள, மாலையோட வந்து நின்னான். தொறந்தேன். சோறு போட்டேன்."

"பார்த்தீங்களா மேடம்," என்றார் துளசிங்கம்.

"கைக்கு என்ன ஆச்சு?" என்றார் எஸ்.ஐ.

கஸ்தூரியம்மாள் மேஜை மேலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இவ சொன்னதெல்லாம் எய்தியாச்சா?"

"எழுதிக்கிட்டு இருக்கோம்."

"ஒருத்தி சொன்னா போதுமா? உள்ள வெச்சுருவீங்களா?"

"போதும்மா."

"அப்டின்னா இவ சொல்லித்தான் எம்புள்ள உள்ள போனான்னு ஆவும்." கஸ்தூரியம்மாள் துளசிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "நாளிக்கு நீங்கெல்லாம் அப்டித்தான பேசுவீங்க?"

அவள் ரைட்டரின் பக்கம் திரும்பினாள்.

"நானும் சொல்றேன், எய்திக்கோ. கதவ நான் தொறந்தேன். கைய அவன் முறுக்கினான். நான் அடுப்பாண்ட குந்திக்கினு பார்த்துக்கினே இருந்தேன், ஏந்துக்கல. போன வருசம் தோளு ஒடையச்சொல்லவும் ஏந்துக்கல. எல்லாத்தியும் எய்து. பெத்தவ சொல்லித்தான் உள்ள போனான்னு இருக்கட்டும். இந்தப் பொண்ணு இன்னும் அந்த ஊர்ல தண்ணி எடுக்கணும், வேலைக்குப் போவணும். என்ன அவனுங்க இன்னா பண்ணிருவானுங்க?"

"யக்கா," என்றார் துளசிங்கம். "பாடு போய்டும்க்கா. மொகத்துவாரத்துப் பாடு."

"போவட்டும்," என்றாள் கஸ்தூரியம்மாள். ஏரியில் பிறந்து ஏரியில் வளர்ந்தவள். அந்தப் பாட்டின் அருமை துளசிங்கத்தைவிட அவளுக்குத் தெரியும்.

தேவி எழுந்து நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் தன் நாற்காலியை மாமியார் பக்கம் நகர்த்தினாள். கஸ்தூரியம்மாள் அதில் உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் தொட்டுக்கொள்ளவில்லை. ரைட்டர் புதிதாக ஒரு தாளை எடுத்து, பெயர், வயது, கணவர் பெயர் கேட்டு எழுத ஆரம்பித்தார். கஸ்தூரியம்மாள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கைநாட்டு வைத்துவிட்டு, மை விரலைப் புடவையில் துடைத்தபடி எஸ்.ஐ.யைக் கேட்டாள்.

"அவன எப்போ இட்டுக்கினு போவீங்க?"

"இன்னிக்கே. இப்ப கிளம்பிடுவோம்."

"வூட்லதான் கீறான். இன்னும் சாப்ட்டுருக்க மாட்டான். சாப்ட்ட பொறவு கூட்டினு போங்கம்மா. ஓடறவன் இல்ல அவன்."

எஸ்.ஐ. தேவியைப் பார்த்தார். தேவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்டட்டும் மேடம்," என்றாள். "ஆனா நாலு மணிக்கு சந்தியா ஸ்கூல் வுட்டு வந்துடுவா. அதுக்கு முன்னாடி ஜீப்பு போயிருக்கணும்."

மணி இரண்டே கால் ஆகியிருந்தது. எஸ்.ஐ. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.